யோசிச்சுச் சொல்லுங்க

1. பத்து வரை எண்ணினோம்

இரண்டாயிரத்துக்குப் பிறகு, டெலிபோன் கேபிள் போகாத ஊர்களில் சாட்டிலைட் போன் வைக்க என்னை அனுப்பினார்கள். செம்பட்டிக்கு அப்பால் மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். போனுக்கு இடம் கொடுத்தவர் அந்தோணிசாமி என்ற விவசாயி. ஆன்டெனாவை வேப்பமரம் மறைக்காத பக்கமாகத் திருப்பி வைத்தேன். சிக்னல் முழுசாக இருந்தது. டெஸ்ட் செய்ய நான் பத்து வரை எண்ணினேன். எங்கள் திண்டுக்கல் ஆபீஸிலிருந்து பதிலுக்கு எண்ணினார்கள். ‘குரல் தெளிவு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

2. முதல் கால்

அந்தோணிசாமி மகள் ஸ்டெல்லாவுக்குத் தாடிக்கொம்பில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கச் சம்பந்தி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

“சம்மந்தி, ஓலை வாசிக்கச் சொல்லிரட்டா?”

பதில் இல்லை. ரிசீவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யோசிக்கிறீகளோ? சரி, யோசிச்சுச் சொல்லுங்க.”

வைத்துவிட்டார். வாசலில் நின்ற ஸ்டெல்லா உள்ளே போனாள். கனெக்‌ஷன், பேட்டரி எல்லாம் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. பிறகு ஆபீஸைக் கூப்பிட்டு, “என்னண்ணே, சாப்டாச்சா?” என்றேன். சத்தமே இல்லை. மறுபடி கேட்டபோது, முதல் கேள்விக்கான பதில் வந்து என் பேச்சோடு மோதியது. குரல் வானத்துக்குப் போய்த் திரும்ப நேரமாகிறது. வெறுமனே எண்ணும்போது அது தெரியவில்லை.

3. தாடிக்கொம்பில்

அந்தோணிசாமியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். சம்பந்தி கோபமாக இருந்தார்.

“நான் வாயத் தொறக்கிறதுக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்கன்னு வச்சுப்புட்டீக. ஒங்களுக்குத்தான் இஷ்டமில்லையாக்கும்னு நெனச்சோம்!”

“அய்யா, ரெண்டு பேர் மேலயும் தப்பில்ல, போன் மேலதான்” என்றேன்.

இருவரும் சிரித்துவிட்டார்கள். அந்த ஞாயிறே ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது.

பின்னர் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். தாமதம் ஒருபோதும் இரண்டு விநாடியைத் தாண்டவில்லை. ஆனால் அன்று அந்தோணிசாமி காத்திருந்த நேரத்தில் நான் மிச்ச ஒயர் முழுவதையும் சுருட்டிப் பையில் போட்டிருந்தேன். மீதி நேரம் சம்பந்தி என்ன செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். டெஸ்ட் செய்யும்போது எண்ணாதீர்கள், கேள்வி கேளுங்கள். சில சமயம் பழியைப் போன் மேல் போட்டுவிடுங்கள். அது கோபித்துக்கொள்ளாது.