பழைய கொட்டகை எது

ஆரணியை அடுத்த சேவூர்ப் பக்கம் எங்கள் சபைக்கு ஒரு தோட்டம் இருக்கிறது. பாட்டன்மார் காலத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் சேர்ந்து பயிர்வைத்து, விளைந்ததைப் பங்குபோட்டுக்கொண்ட நிலம்; அந்தக் குடும்பங்கள்தான் சபை. இப்போது மிஞ்சியிருப்பது நாலைந்து மா, ஒரு பூந்தோட்டம், இரண்டு வரிசைப் புங்க மரங்கள், சுண்ணாம்புச் சுவர் வைத்து ஓடு வேய்ந்த ஒரு தானியக் கொட்டகை. அந்தக் கொட்டகை என்றால் எனக்கு உயிர். நான் கணக்கு டீச்சர். சனிக்கிழமையானால் அங்கேதான் கிடப்பேன்.

போன வருஷம் அதன் சுவர் உதிர ஆரம்பித்தது. சிமெண்ட் பூசினால் ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார் சபைச் செயலாளர். பழைய சுவருக்கு சிமெண்ட் பூசினால் உள்ளே ஈரம் தங்கி ஊறிப்போகும் என்று கத்தினேன். எனக்குக் கத்தாமல் பேச வராது. கடுக்காயை ஊறவைத்து, வெல்லம் கரைத்து, சுண்ணாம்பில் கலந்து நானும் ஒரு கொத்தனாரும் ஒரு மாதம் பூசினோம். ஊரிலிருந்த எறும்பு மொத்தமும் வெல்லத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் முடித்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது. உடைந்த ஓடுகளையும் மாற்றினோம். அதில் ஒரு ஆணி அடிக்கக்கூட யாரையும் நான் விடவில்லை.

பக்கத்திலேயே இன்னொரு கொட்டகை உண்டு, தகரத்தில். செயலாளர் முன்னின்று போட்டது. ஏழெட்டு வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் துருவேறி, ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

இந்த வருஷம் அங்கே ஒரு ஹால் கட்ட வேண்டும் என்று கிளம்பினார்கள். என் சுண்ணாம்புக் கொட்டகை இருக்கும் இடம்தான் வேண்டுமாம். கூட்டத்தில் தொண்டை வற்றப் பேசினேன். கைதூக்கியதில் தோற்றேன். "பழைய கொட்டகையை அகற்றுவது" என்று செயலாளர் தீர்மானம் எழுதினார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

ஜேசிபி வந்த நாள் செயலாளர் வேலூர் போயிருந்தார். டிரைவரிடம் போனிலேயே சொல்லிவிட்டாராம், பழைய கொட்டகையை இடித்துவிடு என்று. காலையில் புங்க மர நிழலில் சேவூர் நெசவுக்காரர்கள் பட்டுச் சேலைக்கான பாவு நூலை வழியை மறித்து நீளமாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். அந்த நிழல் வெகுநாளாக அவர்களுக்கும் பாத்தியதை. கட்டிய பாவு நூலை அவிழ்க்கச் சொல்ல ஆரணியில் யாருக்கும் மனசு வராது. டிரைவரும் வாசலிலேயே காத்திருந்தார். அவர்கள் பாவு நூலைச் சுருட்டியபோது பத்து மணி தாண்டிவிட்டது. எரிச்சலோடு உள்ளே வந்தவர் என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கொட்டா இருக்குதே மேடம். எது பழசு? ஜல்தியா சொல்லுங்க, களம்பூர் மில்லுல எனக்காக நின்னுகினு இருக்காங்க."

சத்தியமாக நான் பொய் சொல்லவில்லை. "பாத்தா தெரியலையாப்பா?" என்றேன்.

அவர் பளபளக்கும் சுண்ணாம்புச் சுவரைப் பார்த்தார். துருப்பிடித்த தகரத்தைப் பார்த்தார். சிரித்துக்கொண்டே வண்டியைத் திருப்பினார். அரை மணி நேரத்தில் தகரம் தரையில் கிடந்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

சாயங்காலம் செயலாளர் வந்தார். சண்டைக்குத் தயாராக இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றேன். அவர் என்னிடம் வரவே இல்லை. நசுங்கிய தகரங்களை ஒவ்வொன்றாகத் தூக்கி எதையோ தேடினார். அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. அந்தத் தகரத்தின் மேல் ஒரு முல்லைக்கொடி படர்ந்திருந்தது. அவர் மனைவி பெயிண்ட் டப்பாவில் கொண்டுவந்து நட்டது. அந்த அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது. எனக்குத் தெரியாத விஷயமில்லை. காலையில் என் கண்ணுக்கு என் சுவர் மட்டும்தான் தெரிந்தது.

"நான்தாண்ணே சரியா சொல்லலை," என்றேன்.

"தெரியும் டீச்சர்," என்றார். கையில் மண்ணோடு ஒரு வேர்க்கட்டை இருந்தது. "இது பொழைச்சிக்கும். உங்க சுவரு பக்கத்துல வச்சிக்கட்டுமா? வேரு சுவத்தக் கெடுக்கும்னு சொல்லுவீங்க."

மண்வெட்டியை எடுத்துச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நானே குழி தோண்டினேன்.

அடுத்த கூட்டத்தில், "பழைய கொட்டகை அகற்றப்பட்டது" என்று அவரே எழுதி, அவரே வாசித்தார். வேறு எதையும் இடிக்கும் பேச்சை அவர் எடுக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் தலையைத் தூக்கவில்லை.