சும்மா இருந்தவர்களில் பதினைந்தாமவன்

பழனிசெட்டிபட்டிச் சுருளிராஜன் இருபத்தொரு வயதுவரை உடம்பை வருத்தியதில்லை. பாம்பணை கிடைக்காத குறை ஒன்றே. மற்றபடி பெருமாளின் அறிதுயிலுக்கு ஈடாக மொட்டை மாடியில் கிடப்பான். அவன் தாய் மொக்கம்மாளோ விடியலிலேயே வாழைத்தோப்பு வேலைக்குப் போய்விடுவாள். இந்தக் கிடப்பையே தகுதியாகக் கண்டு, 2006-ஆம் ஆண்டுத் தை மாதத்தில் அவனைத் தேடி ஒருவர் வந்தார்.

கல்லூரி உடற்கல்வி ஆசிரியர் முத்துக்கருப்பன் அப்போது முனைவர் பட்ட ஆய்வில் மூழ்கியிருந்தார். இழுக்கும் மூச்சே உடம்பை வாழவும் வைக்கிறது, உள்ளுக்குள் துருப்பிடிக்கவும் வைக்கிறது. அத்துருவைத் தடுக்கும் காவற்பொருள்கள் குருதியில் உண்டு. நாள்தோறும் ஓடும் இளைஞனுக்கு அவை பெருகுமா என்பதே அவர் கேள்வி. பன்னிரண்டு வாரம் பதினைந்து பேர் ஓட வேண்டும். பதினைந்து பேர் சும்மா இருக்க வேண்டும். ஓட ஆள் குவிந்தது. சும்மா இருப்பதற்குத்தான் பஞ்சம். மண்வெட்டி பிடிக்காத, வாழைத்தார் சுமக்காத வாலிபனைக் கம்பம் பள்ளத்தாக்கில் எங்கே தேடுவது? பதினான்கு பேரைத் தேற்றிய மனிதர், சுருளியைக் கண்டதும் கும்பிடாத குறைதான்.

“நீ ஒன்னுஞ் செய்யாம இருக்கணும்லே. அதான் வேலை.”

“பொறந்ததுலருந்து அந்தப் பயிற்சியிலதான் சார் இருக்கேன்.”

குருதி கொடுத்தான், கையெழுத்தும் போட்டான்.

ஐந்தாம் வாரம், காவலர் வேலைக்கான உடற்தகுதித் தேர்வுக்கு அழைப்பு வந்தது. ஆயிரத்து ஐந்நூறு மீட்டரை ஏழு நிமிடத்தில் கடக்க வேண்டும்.

“இதும் போச்சுன்னா எங்கூடத் தார் சொமக்க வந்துரு,” என்றாள் மொக்கம்மாள்.

அந்தச் சொல்லில் அவனுக்குக் கால் முளைத்தது. விடியுமுன் வாய்க்கால் கரையில் ஓடினான். ஆசிரியரிடம் மறைத்தான்; அவர் கணக்கில் ஓர் ஆள் குறையுமே என்ற இரக்கம் பாதி, சோதனைநாளில் அவர் வாங்கித்தரும் பிரியாணி பாதி.

பன்னிரண்டாம் வாரக் குருதி ஐஸ் பெட்டியில் பஸ் ஏறி மதுரைக்குப் போனது. முடிவு வந்ததும் முத்துக்கருப்பன் தாளோடு ஓடிவந்தார்.

“ஏலே சுருளி, ஓடுனவன் ரத்தத்தைவிட உன் ரத்தம் நல்லாருக்கு. என்னத்தலே தின்ன?”

“கம்பத்து மாமா தோட்டத்துத் திராட்சை சார்,” என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

மறுநாள் ஆசிரியர் கூடை நிறையத் திராட்சையோடு வந்து நின்றார்.

“இதத் தின்னுட்டு இன்னும் பன்னிரண்டு வாரம் அசையாமக் கெட. திராட்சைதானான்னு பாத்துருவோம்.”

காவலர் தேர்வோ வருகிற வியாழன். எப்படிச் சொல்வதென்று யோசித்தபடியே சுருளி அரைக்கூடையைத் தின்று தீர்த்தான்.

“சார், திராட்சை இல்ல. ஓடுனேன்.”

“யாரு?”

“நாந்தேன்.”

ஆசிரியர் விழுந்து விழுந்து சிரித்தார். காவலர் வேலை கைநழுவினாலும் பொறுத்திருப்பான். அந்தச் சிரிப்பைச் சுருளியால் பொறுக்க முடியவில்லை.

“வாட்சை எடுங்க சார். மைதானத்துக்குப் போவோம்.”

மூன்றேமுக்கால் சுற்று. மூன்றாவதில் அறிந்த தெய்வங்களையெல்லாம் பெயர் சொல்லி ஏசினான். குச்சனூர்ச் சனீஸ்வரனை மட்டும் விட்டுவைத்தான். வியாழன்வரை அவரோடு பகை வேண்டாம்.

“ஏழு நிமிசம் நாலு செகண்டு,” என்றார் ஆசிரியர். இப்போது அவர் சிரிக்கவில்லை. “என் ஆராய்ச்சியையுங் கெடுத்த. போலீசும் ஆகல.”

“அரைக்கூடை வயித்துல கெடக்கு சார்.”

வியாழனன்று வெறும் வயிற்றோடு ஓடினான். ஆறு நிமிடம் ஐம்பத்து மூன்று நொடி. முத்துக்கருப்பனின் ஆய்வேடு பதினான்கு சோம்பேறிகளோடு நிறைவுற்றது.