பெண் பார்க்க வந்த ஃபால்கனெட்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசலை முதலில் மிதித்தவள் நான். அதனால் என்னைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கூடுதலாக ஓர் உரிமை உண்டு. மற்ற பெண்களை நடந்து காட்டச் சொல்வார்கள். என்னை இங்கிலீஷில் சோதிப்பார்கள்.

போன வருடம் பொம்மிடியிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் ஊரான இண்டூருக்கு வந்தது. சோதிக்கும் பொறுப்பு மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு. அவர் செல்போனில் தினம் ஒரு இங்கிலீஷ் வார்த்தை வருமாம். அறிவை அப்படித் தவணை முறையில் வாங்குகிறவர். என் எம்.ஏ. விண்ணப்பமோ அப்பாவின் கைநாட்டுக்காக ஒரு வாரமாக பீரோ மேல் கிடந்தது. "இந்த எடம் அமைஞ்சுட்டா மேல்படிப்பு எதுக்கும்மா?" என்று அப்பா சொல்லிவிட்டார்.

"ஃபால்கனெட்னா என்னம்மா?" என்றார் பெரியப்பா.

"சின்ன வல்லூறுங்க."

"தப்பு. சின்ன பீரங்கி."

அவர் வீட்டுப் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். எங்கள் அம்மா பஜ்ஜித் தட்டை அவர் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள்.

"கொஞ்சம் கீழ தள்ளிப் பாருங்க" என்றேன்.

தள்ளினார். இரண்டாவது வரியில் வல்லூறு உட்கார்ந்திருந்தது. "இதையும் போட்டிருக்கான்" என்று முனகினார், செல்போன் துரோகம் செய்துவிட்டதைப் போல.

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துவதற்கா படித்தேன்? இத்தாலிக்காரர்கள் வல்லூறை ஃபால்கோனே என்பார்கள், சின்னது என்றால் கடைசியில் 'எத்தோ' சேர்த்து ஃபால்கொனெத்தோ என்பார்கள், அந்தக் காலத்தில் பீரங்கிகளுக்கு வேட்டைப் பறவைகளின் பெயரை வைத்தார்கள், அதனால் சின்ன பீரங்கிக்குச் சின்ன வல்லூறின் பெயர் என்று முழுப் பாடமும் நடத்தினேன்.

"குண்டு போடற இரும்புக்கு எவனாச்சும் பறவை பேரு வெப்பானா?" என்றார் பெரியப்பா.

அப்பா குறுக்கிட்டார்: "ஏன் வெக்கமாட்டான்? எங்க வூட்டு நாய்க்கு டைகர்னு பேருங்க. பூனையப் பாத்தா கட்டிலுக்கு அடியில பூந்துக்கும்."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். பெரியப்பா திரும்பிப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டார். டைகரின் நினைவு எனக்கு மட்டுமா வந்திருக்கும்?

சாயங்காலம் தரகர் போன் செய்தார். "பொண்ணு தங்கமான பொண்ணுதானாம். வாய்தான் பெருசாம்." பீரங்கி என்று சொல்லாமல் விட்ட அவர்களின் நாகரிகத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

அம்மா அழுதாள். அப்பா மிச்சமிருந்த பஜ்ஜிகளை டைகருக்குப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"அந்த ஃபாரத்தை எடும்மா. கைநாட்டு எங்க வெக்கணும்?"