எண்பத்தெட்டு என்று எழுதிய டேப்

என் எடை நூற்று நான்கு கிலோ. இங்கே தைரியமாக எழுதிவிட்டேன். தாராவியில் ஒரு சைக்கிள் கடை வாசலில், எங்கள் சைக்கிள் குழுவைச் சேர்ந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் நிற்க, ஒருவர் நேருக்கு நேர் கேட்டபோது எண்பத்தெட்டு என்று சொன்னேன். அந்த எண், வெள்ளை டேப் துண்டொன்றில் கறுப்பு மார்க்கரால் எழுதப்பட்டு, என் மேசை விளிம்பில் ஒட்டியிருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறேன்.

டாக்டர் என்னை நடக்கத்தான் சொன்னார். நடப்பது கௌரவக் குறைவாகப் பட்டதால் மலைப்பாதையில் ஓட்டும் சைக்கிள் வாங்கினேன். நான் குடியிருக்கும் மாதுங்காவில் ஏறக்கூடிய மலை ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான் என்பதால், ஞாயிறுதோறும் ஒரு குழுவோடு தானேக்கு அப்பால் காட்டுப்பாதைக்குப் போவேன். பிரேக் பிடித்தால் என் சைக்கிள் மூக்கால் தரையை முகர்ந்தது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கின் ஸ்பிரிங் என்னைத் தாங்கவில்லை. மூன்று மாதம் ஃபோர்க்குகளைப் பற்றியே படித்தேன். பரம்பொருளைப் பற்றி அவ்வளவு படித்திருந்தால் இந்நேரம் இரண்டு சீடர்களாவது தேறியிருப்பார்கள். கனத்த உடம்புக்குத் தடித்த கால்களுள்ள ஃபோர்க் வேண்டும், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்தது நல்லது, காற்றை ஆளின் எடைக்கேற்ப அடிக்க வேண்டும். எதைப் படித்தாலும் கடைசியில் அந்த ஒரு கேள்வியில் வந்து நின்றது: உங்கள் எடை என்ன?

அதைக் கேட்டவர்தான் அண்ணாச்சி. தொண்ணூறு அடிச் சாலையிலிருந்து பிரியும் சந்தில் ஒற்றை ஷட்டர் கடை. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஃபோர்க் என்றால் அவர்தான் என்று நகரத்தின் மறுகோடியிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஓட்டுபவரின் எடையை ஒரு டேப்பில் எழுதி ஃபோர்க்கின் உட்பக்கம் ஒட்டிவிடுவது அவர் வழக்கம். அடுத்த முறை வந்தால் டேப்பைப் பார்த்துக் காற்றடிப்பார், மறுபடி கேட்க மாட்டார். “ஒரு ஆள்ட்ட வெயிட்ட ரெண்டு தடவ கேக்கப்பிடாது சார். சங்கடப்படுவாங்க” என்பார். இவ்வளவு நாகரிகமான ஒருவரிடம்தான் நான் பதினாறு கிலோவை மறைத்தேன்.

“எம்பத்தெட்டா? அப்ப இந்த மெலிசு போதும். நூறு தாண்டுனாத்தான் தடிச்ச காலு” என்று மெல்லிய ஃபோர்க்கை எடுத்து மாட்டினார். எண்பத்தெட்டுக்கான காற்றை அடித்து, ஃபோர்க்கின் காலில் ஒரு ரப்பர் வளையத்தை மாட்டி, என்னை ஏறி உட்காரச் சொன்னார். வளையம் கால்வாசி தூரம் நகர வேண்டும், பாதியைத் தாண்டிப் போனது. இறங்கச் சொன்னார், இன்னும் கொஞ்சம் அடித்தார், ஏறச் சொன்னார். மூன்று முறை. மூன்று முறையும் அவர் என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த பம்பின் மீட்டரையே பார்த்தார். “மீட்டரு பொய் சொல்லுதோ?”

நான் வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவும் செய்தேன். “பழைய பம்ப் இல்லையா, அண்ணாச்சி?” என்றேன்.

அவர் பம்பைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். “எம்பத்தெட்டுக்கு இதுக்கு மேல காத்து ஏத்துனா கல்லா இறுகிரும் சார், கை நோவும்” என்று அதோடு நிறுத்திக்கொண்டார். தன் கண்ணைவிட என் வார்த்தையை நம்பிவிட்டார்.

அடுத்த ஞாயிறு, முழங்கால் உயரப் பாறை ஒன்றிலிருந்து இறங்கும்போது ஃபோர்க் அடிவரை அமுங்கி இடித்தது. நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுந்தேன். வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரி பெஞ்சிலிருந்தே இடது கையால் செல்போனில் குழுவுக்குத் தட்டினேன்: ‘அண்ணாச்சியின் பம்ப் சரியில்லை. ஜாக்கிரதை.’ எத்தனையோ வருடமாக எழுதுகிறேன், என் எழுத்து இவ்வளவு உடனடியாக வேலை செய்தது அந்த ஒரு முறைதான். இரண்டே மாதத்தில் குழுவின் ஃபோர்க் வேலை முழுக்க விக்ரோலிக் கடை ஒன்றுக்குப் போய்விட்டது, குழுவைக் கேட்டு வந்தவர்களும் வராமல் போனார்கள். அண்ணாச்சி பம்பைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டு, பஞ்சர் ஒட்டுவதோடும் பிரேக் மாட்டுவதோடும் நின்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தன் அளவு தவறி ஒரு ஆள் விழுந்துவிட்டானே என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். எனக்குத்தான் அடி, ஆனால் அவர்தான் அதைச் சுமந்துகொண்டிருந்தார்.

பிறகு, வெகு நாட்களுக்குப் பிறகு, குழுவில் உண்மையை எழுதினேன். சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன. ஒருவர்கூடத் தாராவிக்குத் திரும்பிப் போகவில்லை. பொய்க்கு இருந்த வேகம் திருத்தத்துக்கு இல்லை.

போன மாதம் சைக்கிளை உருட்டிக்கொண்டு நானே அந்தச் சந்துக்குப் போனேன். ஒரு டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை கிலோ மறைத்தேன் என்பதைத் தவிர.

டியூபைக் கீழே வைத்தார். “கை சரியாயிட்டா?” என்று கேட்டார். ஆயிற்று என்றேன். “நல்ல பம்பு சார் அது” என்றார். என்னைத் திட்டியது அவ்வளவுதான். நாலு வார்த்தை கூடுதலாகத் திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு திரும்பியிருப்பேன்.

பிறகு குனிந்து, ஃபோர்க்கில் இருந்த டேப்பை உரித்து என் உள்ளங்கையில் வைத்தார். “இத நீங்களே வச்சுக்கிடுங்க. அந்தத் தடிச்ச காலு ஒண்ணு பரண்ல கெடக்கு. வேற பம்பு வாங்கி மாட்டித் தாரேன்.” புது டேப் ஒன்றை ஒட்டி, மார்க்கரை என்னிடம் நீட்டினார். “இந்தத் தடவ நீங்களே எழுதுங்க.”

பக்கத்தில் யாரும் இல்லை. பாவமன்னிப்புக் கேட்கும் பக்தியோடு, நூறு என்று எழுதினேன்.

அண்ணாச்சி டேப்பைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார்.

“இப்பவும் கொறச்சுத்தான எழுதுதிய, சார்.”