சாருக்கு இல்லை, எனக்கு

தேனாம்பேட்டையில் எங்கள் ஆபீஸில் கோட்டு எல்லோருக்கும் உண்டு. டை மட்டும் ஆண்களுக்கு. எனக்கும் வேண்டும் என்று தி. நகரில் ஒரு கடைக்குப் போனேன்.

“சார் என்ன கலர் சட்டை போடுவாரும்மா?” என்றார் கடைக்காரர்.

என் சாம்பல் கோட்டையும் வெள்ளைச் சட்டையையும் பையிலிருந்து எடுத்து வைத்தேன்.

“சாருக்கு இல்லை, எனக்கு.”

“லேடீஸ்னா ரோஸ் நல்லாருக்கும்.”

அரக்கு நிற டை ஒன்றை நானே எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். கடை வெளிச்சத்தை நம்பி ஒரு பிளவுஸ் துணிகூட நான் வாங்கியதில்லை. வெயிலில் கோட்டோடு வைத்துப் பார்த்தேன். பொருந்தியது.

மறுநாள் கட்டிக்கொண்டு போனேன். மேனேஜர் சிரித்தார்.

“வீட்டுக்காரர் டையா?”

“அவருக்கு டை கட்டவே தெரியாது சார்.”

இருவருமே என் டைக்கு ஒரு ஆணைத்தான் தேடினார்கள். தேடட்டும். அடுத்து நீலச் சட்டைக்கு ஒன்று எடுக்கப்போகிறேன், அதையும் வெயிலில் பார்த்துத்தான்.