தவக்காலத்தில் ஓர் ஒப்பரேஷன்

என் கணவருக்குக் குடலில் ஒப்பரேஷன் என்று நாள் குறித்தபோது தவக்காலம் தொடங்கியிருந்தது. நாங்கள் மன்னார்க் கரையோரத்து ஆட்கள், இவர் அங்கே கடலுக்குப் போனவர். தவக்காலம் என்றால் எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் கிடையாது, தொலைக்காட்சியில் நாடகம் கிடையாது. நாடு விட்டு இந்தக் குவேக்கர்ஸ் ஹில்லுக்கு வந்து இத்தனை வருடமாகியும் அதில் மாற்றமில்லை. அந்த முறை இவர் இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். எங்களுக்குப் பிறகு படகில் வந்த இவருடைய தம்பிக்கு இன்னும் தற்காலிக விசாதான். அவனுக்கு நிரந்தர விசா கிடைக்க வேண்டுமென்று ஒப்பரேஷன் நோவை மருந்தில்லாமல் தாங்கி முழுதாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கப் போகிறாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் காருக்குள் வைத்துச் சொல்லிவிட்டு, வெளியே சொல்லக் கூடாதென்று சத்தியமும் வாங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனாலும் சத்தியம் சத்தியந்தானே.

ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. பிறகுதான் தொல்லை. தாதிமார் மாறி மாறி வந்து, பூச்சியத்திலிருந்து பத்து வரை நோ எவ்வளவு என்று கேட்பார்கள். இவர் கல்யாண வீட்டில் படத்துக்கு நிற்பவர் போலச் சிரித்துக்கொண்டு பூச்சியம் என்பார். மாத்திரை வேண்டாம் என்பார். போர்வைக்குள்ளே கால்விரல்கள் இறுகி நிற்பது எனக்குத் தெரியும். நோ தாங்காமல் இவர் இருமவில்லை, ஆழமாக மூச்சு எடுக்கவில்லை, எழும்பி நடக்கவுமில்லை. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. இப்படியே போனால் நியூமோனியா வரும், இந்த வயதில் அது ஆளையே கொண்டுபோய்விடும் என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். அதற்கும் சிரிப்புத்தான்.

அன்று பின்னேரம் வந்த தாதி ஒரு வெள்ளைக்காரப் பெண், கை முழுக்கப் பச்சை குத்தியிருந்தாள். இவளும் ஓர் எண் கேட்டுவிட்டுப் போய்விடுவாள் என்று நான் அலுத்துப்போய் இருந்தேன். அவள் எண்ணே கேட்கவில்லை. ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இவருடைய முகத்துக்கு நேராக இருந்துகொண்டு, ஒருமுறை இருமிக் காட்டச் சொன்னாள். இவர் தொண்டையைச் செருமிவிட்டுச் சிரித்தார். அவள் அந்தச் சிரிப்பைப் பார்க்கவில்லை, போர்வையின் கால்மாட்டைப் பார்த்தாள். உடனே மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் பிடித்தாள். நான் இருக்கிறேனே என்றேன். நீங்கள் மனைவியாகவே இருங்கள், இப்போது அதுவே பெரிய வேலை என்று பணிவாகச் சொன்னாள். எனக்குச் சுள்ளென்றது. என் இங்கிலீசுக்கு என்ன குறை?

தொலைபேசியில் ஓர் இந்தியத் தமிழ்ப் பெண்ணின் குரல் வந்தது. அதன் வழியாகத் தாதி கேட்டது இவ்வளவுதான்: நோவைப் பொறுத்துக்கொள்ள உங்களுக்கு ஏதாவது காரணம் இருக்கிறதா? கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை நான் இன்றைக்கும் மெச்சுகிறேன். நானென்றால் அதற்குள் நாலு பேச்சுப் பேசியிருப்பேன். அவள் மணிக்கூட்டையும் பார்க்கவில்லை, வாசலையும் பார்க்கவில்லை. கடைசியில் இவர் முகட்டைப் பார்த்தபடி தம்பியைப் பற்றியும் தவக்காலத்தைப் பற்றியும் சொல்லி முடித்தார்.

இனிப் புத்தி சொல்லத் தொடங்குவாள் என்று நினைத்தேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு இன்னொரு கேள்வி கேட்டாள். அதைத் தமிழில் சொன்னபோது மொழிபெயர்ப்பாளரின் குரலும் தணிந்துவிட்டது.

"இதுல எவ்வளவு வலியை நான் எடுத்துக்கலாம்? எவ்வளவை உங்களுக்கு விட்டுவைக்கணும்?"

இவர் என்னைப் பார்த்தார். கரையில் மீனைப் பங்கு பிரிப்பவர் போல நெடுநேரம் யோசித்தார்.

"இருமேக்கையும் நடக்கேக்கையும் வாற நோவை அவ எடுக்கட்டும்," என்றார். "சும்மா படுத்திருக்கேக்கை வாறதை எனக்கு விடச் சொல்லுங்கோ."

தாதி அதற்குச் சம்மதித்தாள். நடக்க முன்பு மாத்திரை தருவேன், மற்ற நேரத்தில் நீங்கள் கேட்டால் மட்டுமே தருவேன் என்றாள். சொன்னபடி நடந்தும் கொண்டாள். வேலை முடிந்து போகும்போது, அடுத்து வந்த தாதிக்கும் இவருக்கு முன்னால் வைத்தே எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினாள். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இவர் இருமினார், நடந்தார், காய்ச்சலும் இறங்கியது. எத்தனையோ சுவாமிமாரின் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒருவருடைய விசுவாசத்தில் கை வைக்காமல் அவருடைய உயிரைக் காப்பாற்றும் கெட்டித்தனத்தை அந்தப் பெண்ணிடந்தான் கண்டேன்.

தம்பிக்கு இன்னும் விசா வரவில்லை. இவர் வீட்டுக்கு வந்துவிட்டார். கடலில் கால் கிழிந்தபோதுகூடத் தனக்கு நோகிறதென்று என்னிடம் சொல்லாத மனிதர். வந்த மறுநாள் நான் குசினியில் நிற்க, அறைக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"இஞ்சரப்பா, ஒருக்கா வா. நோகுது."

அடுப்பை நிறுத்திவிட்டு ஓடினேன். எங்கே என்று கேட்டேன். என் கையைப் பிடித்து அந்த இடத்தில் வைத்துக் காட்டினார்.