ஒலிவாங்கியை அணைக்க மறந்த வாப்பா

“நாட்டாரியல் படிச்சி என்ன மச்சான் கிடைக்கப்போகுது? ஊர்க்கதை கேக்கிறதுக்கும் ஒரு பட்டமா?”

ஒலுவில் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்புக்கு நான் பாடம் தெரிவு செய்த கிழமை, உம்மாவின் தம்பியான எங்கள் மாமா வீட்டுக்கு வந்து வாப்பாவிடம் இப்படிக் கேட்டார். மீன் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்த வாப்பா நிமிரவில்லை.

“ஊர்க்கதையச் சும்மா கேட்டு உங்களுக்கு என்ன கிடைச்ச மச்சான்? அவளாவது பட்டம் எடுக்கட்டும்.”

மாமாதான் முதலில் சிரித்தார். எங்கள் வாப்பாவுடன் கதைத்துத் தோற்றவர்களுக்கும் சிரிப்பு மிஞ்சும்.

வாப்பா சாய்ந்தமருதில், அலைச் சத்தம் கேட்கும் ஒரு வீட்டில் பிறந்தவர். கரைவலை இழுத்த குடும்பம். பள்ளிக்கூடம் போகும் வயதில் அவரும் வலை இழுத்தார். சுனாமியில் வீடும் தோணியும் போன பின்பு, பழைய சைக்கிளில் பெட்டி கட்டிச் சொறிக்கல்முனைப் பக்கம் மீன் விற்கத் தொடங்கினார். பிறகு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அங்குள்ள பெண்களுக்கு அவர் ‘மீன்காக்கா’, அதாவது மீன்கார அண்ணன். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்து வந்தவள் நான் என்பதை மீன் வாங்கும் வீடெல்லாம் சொல்லிவைத்திருந்தார். வாங்காத வீடுகளிலும் சொல்லியிருந்தார்.

இறுதி வருடத்தில் ஒரு வானொலி நிலையம் பயிற்சித் தயாரிப்பாளர் ஒருவரைத் தேடியது. மக்கள் வழக்காறு பற்றிய மாதிரி நிகழ்ச்சி ஒன்றை ஒப்படைக்க வேண்டும். எனக்கு அந்த இடம் வேண்டும். வாப்பாவின் பின்னால் ஏறிச் சொறிக்கல்முனைக்குப் போனேன். பதிவு செய்யப்போகிறேன் என்றதும் பெண்கள் எல்லோரும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு செய்தி வாசிப்பவர்களைப் போலக் கதைத்தார்கள். பாட்டுக் கேட்டால், “ஒண்டும் தெரியாது மகள்.” சோர்ந்துபோய் அந்தக் குறுகிய தெருவின் மதிலோடு நின்றேன். தொலைபேசி பதிவிலேயே இருந்தது.

தொண்டை நோகாமல் கூவுவதற்காக வாப்பா வண்டியில் சிறிய ஒலிபெருக்கி பூட்டியிருந்தார். கூவி முடிந்ததும் ஒலிவாங்கியை அணைக்க மறப்பது அவர் வழக்கம். அன்றும் மறந்தார். மூலை வீட்டு அக்கா விலையைக் குறைத்துக் கேட்டபடி மீனைப் புரட்டிப் பார்த்தது ஒழுங்கை முழுவதும் கேட்டது.

“மீன்காக்கா, இதுட கண் கலங்கிக் கிடக்கே!”

“நீங்க கேட்ட விலையக் கேட்டு அழுதிருக்கு தங்கச்சி.”

எதிர் வீட்டுக்குள்ளிருந்து இன்னொரு குரல் வந்தது: “அழுற மீனை ஆர் காக்கா வாங்குவா? கண்ணத் துடைச்சிக் கொண்டு வாங்க!”

ஒழுங்கையே சிரித்தது. மூலை வீட்டு அக்கா அந்தச் சிரிப்பு ஓயுமுன் தான் கேட்ட விலைக்கே மீனை வாங்கிவிட்டார். நான் தேடியது இதுதான். கேலிக்குக் கேலி, வாசலுக்கு வாசல், எவரும் எழுதிவைக்காத ஒரு கலை.

வீட்டுக்கு வந்து வாப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். ரசித்துக் கேட்டார். பிறகு முகம் மாறிற்று.

“அவங்களுக்குத் தெரியுமா புள்ள?”

“தெரியாது வாப்பா.”

“அப்ப போய்க் கேள். ஓமெண்டாக் குடு. இல்லையெண்டா அழிச்சிப்போடு. நாளைக்கும் நான் அந்த வாசலுக்குப் போகணும்.”

கடைசித் திகதி நெருங்கியிருந்தது. என்னிடம் வேறு பதிவு இல்லை. மறுநாள் அதே ஒலிபெருக்கியில் அந்த ஒழுங்கையிலேயே அதைப் போட்டேன். மூலை வீட்டு அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். “இது ரேடியோவில போனா மனிசன் ஏசுவார்” என்றார். அந்த மனிசனோ வேலியோரம் நின்று வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“என்னோட ஒரு நாளும் இவ்வளவு நல்லாக் கதைச்சதில்லையே நீ!”

எதிர் வீட்டுக்காரி வாசலில் நின்று ஓமென்று தலையாட்ட, அக்காவும் இளகினார். “சரி மகள், போடுங்க. ஆனா காக்கா தோத்த இடத்தை வெட்டப்படாது.”

“அதை வெட்டினா மிச்சம் என்ன கிடக்கு தங்கச்சி?” என்றார் வாப்பா.

எனக்கு இடம் கிடைத்தது. நிகழ்ச்சி ஒலித்த காலையில் வாப்பா மீன் இறங்கும் கரையில் எல்லோரையும் கூட்டி வைத்துக் கேட்டாராம். தான் தோற்ற இடம் வந்ததும் முதலில் கை தட்டியவரும் அவர்தானாம். என்னோடு படித்தவர்களில் ஒருத்தி இன்று ஆவணப்படம் எடுக்கிறாள். இன்னொருவர் பழைய ஒலிப்பதிவுகளை இணையத்தில் சேமிக்கிறார். எங்கள் பல்கலைக்கழகத்தின் இந்த மலரைப் படிக்கும் தங்கைமார் இத்துறைக்குத் தயங்காமல் வரலாம்.

அதன்பின் வந்த சிறுநீரக நோய் வாப்பாவை அதிக காலம் கிடத்தாமல் கொண்டுபோய்விட்டது. இரவு பகல் பாராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடிய மாமாவுக்கும், ஜனாஸாவைச் சுமந்த கரைத் தோழர்களுக்கும், பள்ளிவாசல் ஜமாஅத்தாருக்கும், ஒழுங்கையோடு திரண்டு வந்து உம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டிருந்த சொறிக்கல்முனைச் சகோதரிகளுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நிறைவாகக் கூலி தருவானாக. வாப்பாவின் மண்ணறையை ஒளியால் நிரப்புவானாக.

கரையோர ஊர்களின் விலைபேச்சைத் தொடராகத் தயாரிக்க நிலையம் என்னிடம் ஒப்படைத்திருக்கிறது. சென்ற வாரம் தம்பிலுவில் கடற்கரையில் முதற்பதிவை முடித்தேன். கதைத்தவர்களை அங்கேயே கூட்டி, பதிவைப் போட்டுக் காட்டினேன். எல்லோரும் சம்மதித்தார்கள், ஒரு பெண்ணைத் தவிர. அன்றைய பதிவில் மிக அழகான பேச்சு அவருடையது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை அழித்தேன். நான் திரும்பும்போது அவரே என்னைக் கூப்பிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை தன் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.